மூன்று பவுன் பொறுமை

முனீஸ்வரி தன் வாழ்நாளில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே சாமான் ஒரு நாற்காலிதான். பழைய ஆபீஸ் சாமான்கள் விற்கிற கடையில் ஆயிரத்து நானூறு ரூபாய். ஒரு பக்கக் கைப்பிடி உரிந்திருந்தது, சக்கரங்களில் ஒன்று சுற்றாது. கணவனின் குட்டியானை சரக்கு வண்டியில் ஏற்றி விளாங்குடி வீட்டில் கொண்டுவந்து இறக்கியபோது, "இந்த ஓட்டை நாற்காலிக்கா இம்புட்டு அலைச்சல்?" என்று பாண்டியராஜன் சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். மாட்டுத்தாவணியில் காய்கறி மூட்டை ஏற்றி ஊரெல்லாம் ஓட்டுகிறவன், நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதிக்கிறவன். பதினோரு வருஷம் நின்றவளுக்கு நாற்காலி எப்படிப்பட்ட பொருள் என்று அவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

மாசி வீதிப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பட்டுச்சேலைப் பிரிவில் அவளுக்கு வேலை. காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் நின்றால் இரவு ஒன்பது மணிக்குத்தான் கால் நகரும். வேலையாட்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் ஒரு ஸ்டூல் போட்டார்கள். முதல் நாள் அதில் உட்கார்ந்த பெண்ணை சூப்பர்வைசர் அசோக்குமார் பார்த்த பார்வையில், பிறகு அதன்மேல் தண்ணீர் பாட்டில் வைப்பதோடு சரி. கெண்டைக்கால் நரம்பெல்லாம் சுருண்டு புடைத்து நீலமாகிவிட்டது. "நிக்கிற வேலைய விட்டாத்தாம்மா கால் மிஞ்சும்" என்றார் டாக்டர். விட்டாள். பி.எஃப். பணமும் மற்றதும் சேர்ந்து இரண்டு லட்சத்து அறுபதாயிரம் வந்தது. அதை வைத்து ஷேர் வியாபாரம் கற்றுக்கொள்ளலாம் என்று யூடியூப் பார்த்து முடிவு செய்தாள்.

முதல் நாலு மாதத்தில் இருபதாயிரத்தை விட்டாள். எல்லோரும் விடுகிற மாதிரிதான், அவசரத்தில் வாங்கி, பயத்தில் விற்று, விட்டதைப் பிடிக்கப் போய் இன்னும் விட்டு. ஒரு நாள் மத்தியானம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு சட்டென்று தன் பழைய கவுண்டர் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வருகிறவர்கள் அறுபது சேலையை விரிக்கச் சொல்வார்கள். முந்தி காட்டு, உடல் காட்டு, இதே அரக்கில் சின்னக் கரை இருக்கிறதா என்பார்கள். கடைசியில், "பாத்துட்டு வாரோம்" என்று எழுந்து போவார்கள். முகம் சுளிக்காமல் அறுபதையும் மடித்து அடுக்க வேண்டும். அடுத்து வருகிறவரிடம் அந்தக் கோபத்தைக் காட்டக்கூடாது. புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் இதில்தான் அழுதுகொண்டு ஓடிப்போவார்கள். முனீஸ்வரி பதினோரு வருஷம் ஓடவில்லை. இந்தத் திரையும் அதே மாதிரி ஒரு வாடிக்கையாளர்தானே என்று தோன்றியதும் அவளுக்கு அவசரம் போய்விட்டது.

சேலை வந்த அட்டைப்பெட்டியின் மூடி ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் மார்க்கரால் மூன்று வரி எழுதித் திரைக்கு மேலே ஆணியடித்து மாட்டினாள். ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் நஷ்டம் போகக்கூடாது. ஒரே நாளில் இரண்டு தடவை நஷ்டம் வந்தால் மூடிவிட்டு எழுந்துவிட வேண்டும். மூன்றாவது வரிதான் அவள் சூடுபட்டுக் கற்றது: தேதி வைத்து உட்காராதே. பொங்கலுக்குள் ஃப்ரிட்ஜ் வாங்கிவிட வேண்டும் என்று தேதி குறித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரே வாரத்தில் ஒன்பதாயிரம் போன பிறகு எழுதியது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அந்த மூன்று வரியை அவள் மீறவில்லை. மாதம் ஐந்தாயிரம் வரும், ஆறாயிரம் வரும். சில மாதம் ஒன்றும் வராது, கையிலிருந்து இரண்டாயிரம் போகவும் செய்யும். கடைச் சம்பளத்தில் பாதிதான். ஆனால் முதல் அப்படியே இருந்தது, கால் வீக்கம் வடிந்தது, காலில் கொலுசு போட முடிந்தது. "கலெக்டர் அம்மா ஆபீஸ் முடிஞ்சுதா?" என்று பாண்டியராஜன் கேலி பேசினாலும், கேஸ் சிலிண்டருக்கும் கரண்டு பில்லுக்கும் அவளிடம்தான் கை நீட்டினான். அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அப்போதுதான் பாண்டியராஜனின் தங்கச்சி மீனாவின் மகள் பெரிய மனுஷியானாள்.

நம் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. கொட்டு முழக்கத்தோடு தட்டு தட்டாக ஊர்வலம் போகாவிட்டால் தாய்மாமன் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. ஐப்பசியில் செக்கானூரணி மண்டபத்தில் விசேஷம் என்று முடிவாகி, மீனாவும் அவள் புருஷன் வெள்ளைத்துரையும் பங்காளி வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வெற்றிலை பாக்குத் தட்டோடு அழைக்க வந்தார்கள். காபி குடித்தார்கள். மீனா அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க ஓரகத்தி மகளுக்கு அவுக அண்ணன் ரெண்டு பவுன் போட்டாரு. எங்கண்ணன் பாவம், வண்டி ஓட்டுற ஆளு. மதினியும் வேலைய விட்டுட்டு வீட்ல சும்மா உக்காந்துருச்சு. முடிஞ்சதச் செய்யட்டும். நான் வாய் தொறந்து ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றாள்.

கேட்டதைவிட மோசமான பேச்சு அது. பங்காளிப் பெண்கள் காபி டம்ளருக்குள் பார்த்தார்கள். முனீஸ்வரிக்கு 'சும்மா உக்காந்துருச்சு' என்ற சொல்தான் நெஞ்சில் போய்க் குத்தியது. திரையில் ஆயிரம் ஏறினாலும் ஆயிரம் இறங்கினாலும் அசையாமல் இருக்கப் பழகியவள், நாத்தனார் பேச்சுக்கு அரை நிமிஷம் பொறுக்கவில்லை.

"மூணு பவுன்ல ஆரம் போடுறோம் மீனா. உன் ஓரகத்திகிட்டச் சொல்லிரு" என்றாள்.

நாக்கில் சனி உட்கார்ந்தது என்பார்களே, அதுதான். வெற்றிலைத் தட்டு கைமாறுகிற நேரத்தில், பங்காளிகள் முன்னால் சொல்லிவிட்டாள். இனி பணம் இல்லை என்று பின்வாங்கினால் பாண்டியராஜன் செக்கானூரணி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க முடியாது. அவர்கள் போன பிறகு அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து, "எதுக்குப் புள்ள அப்படிச் சொன்ன?" என்றான்.

"பக்கத்துலதான இருந்தீக. இல்லன்னு சொல்ல வேண்டியதுதான."

"நீ சொன்னது எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

பவுன் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்த நேரம். செய்கூலி சேதாரத்தோடு மூன்று பவுன் இரண்டு லட்சத்து எண்பதாயிரம். தட்டு, ஆட்டுக்கிடாய், பட்டு, கொட்டுக்காரர்கள் எல்லாவற்றுக்கும் பாண்டியராஜன் வண்டியின் மேல் கடன் வாங்கினான். ஆரம் இவள் வாயால் வந்தது, இவள்தான் போட வேண்டும். இவளிடம் இருப்பதோ இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அதைத் தூக்கிக் கொடுத்தாலும் போதாது. கொடுத்துவிட்டால் நாற்காலிக்கு எதிரே வெறும் திரைதான் இருக்கும், மறுபடி கவுண்டருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். முதலைத் தொடாமல், முப்பத்தெட்டு நாளில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் சம்பாதிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாள்.

தேதி வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

முதல் பதினைந்து நாள் பழைய வழியிலேயே போனாள். மூவாயிரத்து முந்நூறு ரூபாய் வந்தது. இந்தக் கணக்கில் போனால் ஆரம் போட மூன்றரை வருஷம் ஆகும். அடுத்த செவ்வாய்க்கிழமை, வாரக் கணக்கு முடிகிற நாள். அன்று சந்தை ஏறும், இறங்கும் என்று கட்டுகிற பந்தயத்துக்கு ஆப்ஷன் என்று பெயர். சொன்னபடி நடந்தால் ஒன்றுக்கு மூன்றாகும், நடக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் சுழியாகிவிடும். இத்தனை நாளும் அந்தப் பக்கமே திரும்பாதவள், காலை பத்தே முக்காலுக்கு, சந்தை ஏறும் என்று தொண்ணூறாயிரத்தைக் கட்டினாள். கட்டும்போது தலையை நிமிர்த்தி அட்டையைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அது முப்பத்துநாலாயிரமாக இருந்தது. ஆயிரம் ரூபாய் நஷ்டத்தில் எழுந்து போகிறவள் ஐம்பத்தாறாயிரம் நஷ்டத்தில் நிற்கிறாள். விற்றுவிடு என்று உள்ளுக்குள் ஒன்று கத்தியது. அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும், ஒன்றரை வருஷம் சோறு போட்ட குரல். அதை மீறி இன்னும் அறுபதாயிரத்தை அதிலேயே கொண்டுபோய்க் கொட்டினாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது, அவள் போகவில்லை.

இரண்டு மணிக்கு மேல் சந்தை ஏறத் தொடங்கியது. ஏன் ஏறியது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. எங்கேயோ யாரோ ஏதோ செய்தி சொல்லியிருப்பார்கள். இரண்டே முக்காலுக்கு விற்றபோது, கட்டிய ஒன்றரை லட்சம் நாலு லட்சத்து முப்பதாயிரமாக இருந்தது. சரியாக ஆரத்தின் விலை, ஒரு ரூபாய் குறையாமல் லாபம். உட்காரலாம் என்று நாற்காலியைத் தேடினாள். அது இரண்டடி பின்னால் சுவரோரமாகக் கிடந்தது. மத்தியானத்திலிருந்து அவள் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

அன்று அவள் தோற்றிருக்க வேண்டும். தோற்றிருந்தால் மானம் போயிருக்கும், மிச்சப் பணமாவது இருந்திருக்கும். தப்புச் செய்தவளுக்குக் கூலி கொடுத்து அனுப்பினால் அவள் திருந்துவாளா என்ன?

விசேஷம் அமர்க்களமாக நடந்தது. ஏழு குட்டியானைகளில் தட்டுகள் வந்தன. கொட்டுச் சத்தத்தில் மண்டபத்து வாசலே அதிர்ந்தது. ஆரம் இருந்த தட்டை முனீஸ்வரியே ஏந்தி வந்தாள். மீனா அதைப் பார்த்ததும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை நிஜம்தான். "தாய்மாமன் பாண்டியராஜன், மூணு பவுன் ஆரம்" என்று மைக்செட்காரர் மூன்று தடவை சொன்னார். பாண்டியராஜன் அதற்காக அவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்திருந்தான்.

சாப்பாட்டுக்கு முன்னால் சொந்தக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஷேர்லயா தங்கச்சி இம்புட்டு எடுத்த?" என்று வெள்ளைத்துரை கேட்டான். "எங்களுக்கும் அந்த ரகசியத்தச் சொல்லு." மைக்செட்காரர் சும்மா இருப்பாரா, மைக்கைக் கொண்டுவந்து அவள் வாயருகே நீட்டினார். மண்டபம் முழுக்க அவளைப் பார்த்தது. பதினோரு வருஷம் அவள் முகத்தைப் பார்க்காமல் சேலையைப் பார்த்துவிட்டுப் போன ஆட்களைப் போன்றவர்கள்தான் அத்தனை பேரும்.

"ரகசியமெல்லாம் ஒண்ணுமில்ல. பொறுமையா இருக்கணும். இறங்குனாலும் பயப்படாம பொறுமையா இருந்தா தானா வரும்" என்றாள்.

கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் அவளுக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் நானூறு ரூபாய் லாபம் அவளுக்கு உப்பில்லாத கஞ்சி ஆகிவிட்டது. ஆயிரம் ரூபாய் நஷ்டத்தில் எழுந்து போவது கோழைத்தனமாகப் பட்டது. தூசி படிகிறது என்று சொல்லி அட்டையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். செவ்வாய்க்கிழமை எப்போது வரும் என்று திங்கட்கிழமையே தூக்கம் கெட்டது. கார்த்திகையில் அறுபதாயிரம் போனது, மார்கழியில் இருபது வந்து தொண்ணூறு போனது, தையில் ஒரு லட்சத்துக்கு மேல் போனது. ஒவ்வொரு தடவையும் இறங்க இறங்கக் கொட்டினாள், அந்த ஐப்பசிச் செவ்வாய் திரும்ப வந்துவிடும் என்று. மாசி பிறந்தபோது பதினோராயிரம் ரூபாய் இருந்தது.

பாண்டியராஜனிடம் சொன்னாள். அவன் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. வண்டிக் கடனுக்கு அவன் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தான். "உன் காசுக்கு நான் ஒரு தடவகூடக் கணக்குக் கேட்டதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அடித்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

வெட்கத்தை விட்டு மீனாவுக்குப் போன் செய்தாள். ஆரத்தை இரண்டே மாதம் அடகு வைத்துக் கொடுத்தால், வட்டியோடு மீட்டுத் தருவதாகச் சொன்னாள்.

"தாய்மாமன் போட்டத அடகு வச்சா பிள்ளைக்கு ஆகாது மதினி. வேற என்ன வேணா கேளு" என்றாள் மீனா.

கேட்க வேறு என்ன இருக்கிறது? பங்குனியில் முனீஸ்வரி பழைய கடைக்கே போய் நின்றாள். அசோக்குமார் அவளை ஏற இறங்கப் பார்த்து, அதே பட்டுப் பிரிவு, ஆனால் புது ஆள் சம்பளம் என்றான். காலுக்கு இறுக்கமான காலுறை வாங்கி மாட்டிக்கொண்டாள். ஸ்டூல் இன்னும் அங்கேயே இருந்தது, அதன்மேல் தண்ணீர் பாட்டில் இருந்தது.

வைகாசி முகூர்த்தக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த ஒரு மத்தியானம் மீனா வந்தாள். தனியாக வந்தாள். கவுண்டருக்கு எதிரே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "சேலை காட்டு மதினி" என்றாள். முனீஸ்வரிக்கு முதலில் அவள் கழுத்துதான் கண்ணில் பட்டது. மகள் ஆரத்தை அம்மாக்காரி போட்டுக்கொண்டு மினுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். ஆரம் இல்லை. கவரிங் செயின் ஒன்று கிடந்தது.

"விலை எம்புட்டுல எடுக்கட்டும்?"

"எதையாவது காட்டு. சும்மா உக்காந்துருந்தா உங்க சூப்பர்வைசர் ஒன்னயத்தான் வைவாரு."

முனீஸ்வரி அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று ஒவ்வொன்றாக விரித்தாள். மீனா கையால் தடவிக்கொண்டே, குனிந்தபடி பேசினாள்.

"ஆரம் போச்சு மதினி. அன்னைக்கு நீ போன்ல கேட்டப்பவே அது அடகுலதான் இருந்துச்சு. பிள்ளைக்கு ஆகாதுன்னு நான் சொன்னது வாய்க்கு வந்த பொய். விசேஷம் முடிஞ்ச மறுமாசமே அவரு அத வச்சு ஷேர் வாங்கிட்டாரு. ஒரே கம்பெனிதான், அம்புட்டும்."

"இறங்குனதும் விக்க வேண்டியதுதான?"

"நான் தலையால தண்ணி குடிச்சேன், வித்துருங்கன்னு. 'முனீஸ்வரி மைக்குல சொன்னது காதுல விழலயா, இறங்குனாலும் பொறுமையா இருக்கணும்'னாரு. இறங்க இறங்கப் பொறுத்துக்கிட்டே இருந்தாரு. அடகுல இருந்தத மீட்டு வித்து, மிச்சத்தையும் அதுலயே போட்டாரு. இப்ப அம்பதாயிரம்கூடத் தேறாதாம்." மீனா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்குத்தான் தெரியும்னு வந்தேன். இன்னும் எத்தன மாசம் பொறுக்கணும் மதினி?"

முனீஸ்வரிக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு கணம்தான், ஆனால் சந்தோஷம்தான். உடனே தன் மேலேயே அருவருப்பு வந்தது. விரித்த சேலையின் முந்தியைப் பிடித்தபடி நின்றாள். பொறுமை என்றால் என்ன என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தில் யாரும் இல்லை. ஆயிரம் ரூபாயில் எழுந்து போவதுதான் அவள் கற்ற பொறுமை. சும்மா விழுந்து கிடப்பது அல்ல. அதைச் சொல்ல ஒரு மைக்கும் முந்நூறு பேரும் கிடைத்தபோது, தன் பெருமைக்காக வேறொன்றைச் சொல்லிவிட்டாள்.

"மீனா, அன்னைக்கு நான் பொறுமையா இருக்கல" என்றாள். "நீ சும்மா உக்காந்துருச்சுன்னு சொன்னியே, அந்த ஆங்காரத்துல போட்டேன். ஒரே நாள்ல. தப்பு மேல தப்பாப் பண்ணேன், அது எப்படியோ ஏறிருச்சு. அப்புறம் அதே தப்புலதான் என் காசும் போச்சு. இனி ஏறும்னு நம்பாதீக. இருக்குற அம்பதையாவது எடுத்துருங்க."

மீனா திட்டுவாள் என்று முனீஸ்வரி எதிர்பார்த்தாள்.

"இத அன்னைக்கு மைக்குல சொல்லிருக்கலாம்ல மதினி" என்றாள் மீனா. அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அசோக்குமார் தூரத்திலிருந்து இந்தப் பக்கம் பார்ப்பதைக் கவனித்து, அவனுக்குக் கேட்கிற மாதிரி, "நல்லாத்தான் இருக்கு, வீட்ல கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

கவுண்டர் மேல் முப்பத்தெட்டு சேலைகள் விரிந்து கிடந்தன. அசோக்குமார் வந்து, "இவ்வளவு காட்டியும் ஒண்ணுகூட ஓடலயா?" என்றான். அவள் எல்லாவற்றையும் முந்தி கசங்காமல் மடித்து, நிறம் பார்த்து அடுக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கால் வலித்தது. மீனா உட்கார்ந்திருந்த நாற்காலி எதிரே காலியாகத்தான் கிடந்தது, ஆனால் அது வாங்க வருகிறவர்களுக்குப் போட்டது.